தனித்தனி அறையில் இருந்த கணக்கு

சைன், காஸ், டேன் எல்லாம் வாழ்க்கைல எதுக்கு? பள்ளியில் படித்த யாரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதற்குப் பதில் தேடிய கதை சுமார் நூறு வருஷம் நீள்கிறது.

பழைய பதில் சுலபம். நிலம் அளக்கணும், கப்பல் ஓட்டணும். அதனால் முக்கோணவியல் என்றாலே மடக்கை அட்டவணையும் கையுமாக உட்கார்ந்து முக்கோணங்களுக்கு விடை கண்டுபிடிப்பதுதான். இயற்கணிதம் ஒரு அறை, வடிவியல் ஒரு அறை, இது இன்னொரு அறை. புள்ளியியலுக்கு அந்த வீட்டில் அறையே கிடையாது.

முதலில் சுவரைத் தட்டியவர்களில் ஒருவர் ஈ. எச். மூர். சிகாகோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். 1902-இல் அமெரிக்கக் கணிதச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து விடைபெறும் உரையில், கணிதத்தின் கிளைகளைப் பிரித்து வைக்காமல் ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள், இயற்பியலோடும் சேருங்கள் என்றார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைன், எல்லாவற்றையும் கோர்க்கும் நூல் 'சார்பு' என்ற கருத்துதான் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். 1923-இல் ஒரு தேசியக் குழுவின் அறிக்கையும் இதையே சொன்னது. அறிக்கைகள் வந்தன, வகுப்பறை பெரிசா மாறல.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்காவுக்குப் பதற்றம் வந்தது. கணிதப் பாடத்துக்குப் பணம் கொட்டியது. 1959-இல் கல்லூரித் தேர்வு வாரியத்தின் ஆணையம், முக்கோணவியலைத் தனிப்பாடமாக நடத்தவேண்டாம், அட்டவணைக் கணக்கைக் குறையுங்கள், கடைசி வருஷத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும் ஒரு தேர்வாக இருக்கட்டும் என்றது. ஆனால் 'புதிய கணிதம்' அலையில் மக்கள் நினைவில் தங்கியது கணங்களின் குறியீடுகள்தான். பிள்ளைகள் திணறினார்கள், பெற்றோர் கோபப்பட்டார்கள். எழுபதுகளில் எல்லாம் பழைய அடிப்படைக் கணக்குக்கே திரும்பியது.

1983-இல் மூரின் அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளிக் கணிதத் திட்டம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ஸால்மன் உசிஸ்கின். அங்கிருந்து வந்த ஒரு பாடத்தின் பெயரே 'சார்புகள், புள்ளியியல், முக்கோணவியல்'. எண்பது வருஷம் கழித்து மூன்றும் ஒரே அட்டைக்குள்.

சும்மா ஒட்டவைத்தார்களா? இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் 5 மதிப்பெண் கிரேஸ் போடுங்கள். சராசரி 5 ஏறும்; திட்டவிலக்கம் அசையாது. ஒரு சார்பின் வரைபடத்தை 5 அலகு மேலே நகர்த்தினாலும் இதேதான்: இடம் மாறும், உருவம் மாறாது. எல்லா மதிப்பெண்ணையும் இரட்டிப்பாக்கினால் திட்டவிலக்கமும் இரட்டிக்கும். வரைபடமும் மேலும் கீழுமாக நீளும். இப்போது ஒரு ஊரின் மாதாந்திர வெப்பநிலையைப் புள்ளிகளாக வையுங்கள். ஏறி இறங்கி வளையும். ஒரு சைன் அலையை இழுத்து நகர்த்தினால் ஏறக்குறைய அதில் பொருந்தும். நிலம் அளக்க வந்த சைன், இங்கே பருவத்தை அளக்கிறது.

இதைக் கையால் வரைந்து பார்க்க ஒரு பீரியட் போதாது. 1985-இல் கேசியோ வரைபடக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. மூருக்குக் கிடைக்காத கருவி அது. மடக்கை அட்டவணை ஓய்வுபெற்றது.

ஆனால் கருவியை விடப் பெரிய விஷயம் வேறு. அமெரிக்கப் பள்ளியில் கணிதம் ஒரு ஏணி, உச்சியில் நுண்கணிதம். அதை எட்டாத பிள்ளை 'கணக்கு வராதவள்' என்று பெயர் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஒரு கருத்துக்கணிப்பை நம்பலாமா, ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எடைபோட வேண்டிய கணிதத்தை அவள் பார்த்தே இருக்கமாட்டாள். 1997-இல்தான் கல்லூரி நிலைப் புள்ளியியல் தேர்வு முதன்முதலாகப் பள்ளி மாணவர்களுக்கு வந்தது. நுண்கணிதத்துக்கு அத்தகைய தேர்வு ஐம்பதுகளிலேயே இருந்தது.

அந்த நாற்பது வருஷத்தில் ஏணியிலிருந்து இறங்கியவர்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.