தஞ்சைக் கோட்டையும் குடியானவர் நம்பிக்கையும்

தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் பிளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பமொன்று உண்டு. மரணப் படுக்கையிலிருக்கும் சுவார்ட்ஸ் ஐயரின் கரத்தைச் சரபோஜி மன்னர் பற்றி நிற்கிறார். மன்னரின் நன்றி கல்லில் நிலைத்தது நன்றே. ஆயினும் கிருபை அன்றாட வாழ்வில் எவ்வுருவம் கொள்ளும் என்று அறிய விரும்புவோர், அச்சிற்பத்தில் இடம்பெறாத சிலரையும் நினைத்தல் வேண்டும். அவர்கள் தஞ்சை நாட்டுக் குடியானவர்கள்.

1780-ல் ஹைதர் அலியின் சேனை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. விரைவில் தஞ்சை நாடும் பாழாயிற்று. கோட்டைக்குள் பஞ்சம் மிகுந்தது. காலைதோறும் வீதிகளில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதைச் சுமந்து வர மாடுகளே கிடைக்கவில்லை. முன்னர் நெல் கொணர்ந்தவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைத் துபாஷிகள் பறித்துக்கொண்டபடியால், குடிகள் தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அகன்றனர். அரசர் கட்டளையிட்டார், மன்றாடியும் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. தம் சொல்லும் கும்பினியார் சொல்லும் மதிப்பிழந்தன என்று அரசரே ஒப்புக்கொண்டு, குடிகளோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை ஐயருக்கு அளித்தார்.

ஐயர் அனுப்பிய கடிதங்களில் வாக்குறுதிகள் இரண்டு இருந்தன. ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கூலி கொடுப்பதாக ஒன்று. சத்துரு பிடித்துச் செல்லும் மாட்டுக்கும் விலை தருவதாக மற்றொன்று. இவ்விரண்டாவதே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மாட்டை இழந்த உழவன் மறுபோகம் எவ்வாறு உழுவான் என்று குடியானவனுடைய களத்திலே நின்று எண்ணியவரே இதை எழுதக்கூடும். இரக்கம் என்பது மனம் உருகுதல் மட்டுமே என்று நாம் பிரசங்கிப்பதுண்டு. இங்கே அது கணக்கறிந்த இரக்கமாயிருந்தது. ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்று 80,000 கலம் தானியம் கொண்டுவந்தனர். ஐயர் அனைவருக்கும் கூலியைத் தீர்த்து, சிறு வெகுமதியும் அளித்து, வீட்டுக்கு அனுப்பினார். மறுமுறை தேவை நேர்ந்தபோதும் அக்குடிகள் வந்தனர். கூலி கிடையாதவனின் கூக்குரலைப் பற்றி யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் கூறுவதைப் போதிக்கும் நமக்கு, நம் வீட்டு வேலைக்காரருக்கு மாதத்தின் எந்தத் தேதியில் சம்பளம் கொடுக்கிறோம் என்பது அற்பக் கேள்வியன்று.

சரித்திரம் எழுதுபவன் மற்றொன்றையும் மறைக்கலாகாது. அத்தானியம் கும்பினியின் சிப்பாய்களையும் காத்தது. அன்றியும், குடியானவனின் இழப்பை அத்துணை நுட்பமாய் உணர்ந்த ஐயரின் தஞ்சைச் சபையிலேயே, சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் நீடித்தது. நாளடைவில் அது தானே மறையும் என்று அவர் பொறுத்திருந்தார். ஓரத்தில் அமர்த்தப்பட்டவனின் இடத்தில் நின்று பார்த்திருந்தால், அப்பொறுமை வேறாகத் தோன்றியிருக்கும் என்றே எண்ணுகிறேன். 1798 பெப்ரவரி 13-ல் ஐயர் மரித்தார். வழக்கம் மறையவில்லை. 1833-ல் பேராயர் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்கவேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் அதற்கு இணங்காமல் சபையை விட்டு விலகினர்.