பாபிலோன் ஆற்றங்கரைப் பாட்டும் ஓர்கன் இசையும்

இசைக்கருவிகளுள் உருவத்தாற் பெரியது தேவாலயங்களில் அமைந்த ஓர்கன் ஆகும். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்னும் பொறிவல்லான், நீரின் அழுத்தத்தாற் காற்றைச் செலுத்திக் குழல்களை ஒலிக்கச் செய்தான். அக்கருவியே ஓர்கனுக்கு மூதாதை. பிற்காலத்தில் நீரின் இடத்தைத் துருத்திகள் பெற்றன. துருத்தியினின்று வரும் காற்று ஒரு பெரும் பெட்டியில் நிரம்பி நிற்கும். வாசிப்போன் கட்டையை அழுத்தியதும் வழி திறந்து, காற்று உரிய குழலிற் புகுந்து ஒலிக்கும். சில குழல்கள் விரலினும் சிறியன. சில 32 அடி நீளமுடையன. கைகளுக்கு இரண்டு மூன்று அடுக்காகக் கட்டைகளும், பாதங்களுக்கெனத் தனிக் கட்டைகளும் உண்டு. வீணையின் நரம்பொலி மீட்டியவுடனே தேயத் தொடங்கும். ஓர்கனின் ஒலியோ விரலை எடுக்கும்வரை தேய்வின்றி நிற்கும்.

எனினும் ஓர்கனிலே வாசிக்கப்படும் திருவிசையைக் கேட்பதில் உண்டாகும் இன்பம் ஒலியின் பெருமையால் மட்டும் விளைவதன்று. 16ஆம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்தின் பயனாக, ஜேர்மனியில் சபையார் அனைவரும் தம் தாய்மொழியிற் பாடும் பாட்டுகள் பெருகின. அவற்றுட் பல பின்னர் தரங்கம்பாடி மிஷனரிமார் வழியாகத் தமிழிலே ஞானப்பாட்டுகளாயின. சபையார் பாடுமுன்னர் அப்பாட்டின் மெட்டை ஆதாரமாகக் கொண்டு ஓர்கனில் ஒரு முன்னிசை வாசிப்பது வழக்கம். ஓர்கனுக்குச் சொல் இல்லை. ஆயினும் சிறுபிராயம் முதலே அம்மெட்டைப் பாடி வந்தோர் உள்ளத்தில் சொற்கள் தாமாகவே எழும். கேட்போனும் இசையிற் பங்குகொள்ளும் இந்நிலையே அவ்வின்பத்தின் ஊற்று.

இவ்விசையின் உச்சத்தை எட்டியவர் யோகான் செபஸ்தியான் பாக். 1685ஆம் ஆண்டிற் பிறந்து, பத்து வயது நிறையுமுன்னரே தாய் தந்தையர் இருவரையும் இழந்த அவர், வாசிப்போராகப் புகழ்பெறுமுன் தலைசிறந்த கேட்போராக விளங்கினார். 15 வயதில் வடஜேர்மனியின் லூனபேர்க் நகருக்குக் கல்வி கற்கச் சென்றவர், அங்கிருந்து ஹம்பேர்க் நகருக்குச் சென்று றைங்கன் என்னும் ஓர்கன் விற்பன்னரின் வாசிப்பைக் கேட்டு வந்தார். பாபிலோன் ஆற்றங்கரையிற் சிறையிருந்தோர் தம் நாட்டை நினைந்து அழுததைக் கூறும் 137ஆம் சங்கீதத்தைத் தழுவிய பாட்டொன்று ஜேர்மனியில் வழங்கியது. அதன் மெட்டின்மேல் றைங்கன் மிக நீண்டதோர் இசையமைப்பைச் செய்திருந்தார். அதனை இளைஞர் பாக் தம் கையாலேயே 1700ஆம் ஆண்டிற் பிரதி செய்தார். வைமார் நகர நூலகத்திலிருந்த அப்பிரதி 2006ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அந்நூலகத்திற் பெருந்தீ மூண்டு ஏறக்குறைய 50,000 நூல்கள் எரிந்தபோது, இந்த ஏடுகள் தப்பியிருந்தன.

1703ஆம் ஆண்டில் ஆர்ன்ஸ்ராட் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் பாக் ஓர்கன் வாசிக்கும் பதவி பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், நான்கு வார விடுமுறை பெற்று, ஏறத்தாழ 250 மைல் தொலைவிலுள்ள லூபெக் நகருக்குக் கால்நடையாகவே புறப்பட்டார். அந்நகரின் மரியாள் தேவாலயத்தில் புக்ஸ்தெகூடே என்னும் முதுபெரும் கலைஞர் 1668 முதல் ஓர்கன் வாசித்து வந்தார். கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒட்டிய ஞாயிறு மாலைகளில் அவர் நடத்திய இசையரங்குகளுக்கு வணிகர் பொருளுதவினர். மக்கள் கட்டணமின்றிக் கேட்டனர். நான்கு வாரத்துக்கென வந்த இருபது வயது இளைஞர் ஏறக்குறைய நான்கு மாதங்கள் அங்கே தங்கிவிட்டார்.

1706ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஆர்ன்ஸ்ராட் திருச்சபை மன்றம் அவரை அழைத்து விளக்கங் கேட்டது. தம் கலையிற் சிலவற்றை அறிந்துவரவே சென்றதாகவும், தமக்குப் பதிலாக ஒருவரை அமர்த்திச் சென்றதாகவும் அவர் விடையிறுத்தார். மன்றத்தாருக்கு வேறொரு குறையும் இருந்தது. சபைப் பாட்டுகளிடையே அவர் புதுமையான சுரங்களைக் கலந்து வாசிப்பதால் மக்கள் குழம்புகின்றனர் என்றனர். இக்குறையைப் புறக்கணித்தல் ஆகாது. பழகிய மெட்டு மறைந்துவிடின், கேட்போனுக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும் அன்றோ?

பின்னர் வைமார் நகரில் 1708 முதல் 1717 வரை வாழ்ந்த காலத்திற் பாக் எழுதிய ‘சிற்றோர்கன் நூல்’ இக்குறைக்கு ஒரு விடை எனலாம். 164 பாட்டுகளுக்கு முன்னிசை அமைக்கக் கருதி, 46 மட்டுமே நிறைவேற்றினார். எஞ்சிய பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே நின்றுவிட்டன. நிறைவேறியவற்றுட் பெரும்பாலானவற்றில் மெட்டு தெளிவாக மேலே ஒலிக்கின்றது. அதன் கீழே பிற குரல்கள் பாட்டின் கருத்தைப் புலப்படுத்துகின்றன. ஆதாமின் வீழ்ச்சியைக் கூறும் பாட்டிலே பாதக்கட்டையின் சுரங்கள் உயரத்தினின்று திடீர் திடீரென ஆழத்துக்கு விழுகின்றன. புதுமையும் பழமையும் இங்கே பகைக்கவில்லை.

1720ஆம் ஆண்டில் பாக் மீண்டும் ஹம்பேர்க் சென்று, புனித கத்தரீனாள் தேவாலயத்தில் முதியவர் றைங்கன் முன்னிலையில் வாசித்தார். சபையோர் விரும்பியவாறு, பாபிலோன் ஆற்றங்கரைப் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய அரை மணிநேரம் மனோதர்மமாக விரித்தார். அக்கலை மாண்டுபோயிற்று எனத் தாம் எண்ணியிருந்ததாகவும், அது பாக்கினிடத்தே உயிரோடிருப்பதைக் கண்டதாகவும் றைங்கன் கூறினார். இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். லைப்சிக் நகரிற் கழித்த முதிர்ந்த பருவத்திலே பாக் அம்மெட்டை மறுபடியும் கையிலெடுத்து, முன்னர்த் தாம் அமைத்த முன்னிசையைத் திருத்தி எழுதினார். அதிலே மெட்டு நடுக்குரலில், மெல்லிய அசைவுகளோடு, ஒருவர் தமக்குள்ளே பாடிக்கொள்வதைப் போல நகர்கின்றது.

1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் குண்டுவீச்சால் லூபெக் மரியாள் தேவாலயமும் அதன் ஓர்கன்களும் எரிந்தன. ஹம்பேர்க் தேவாலயத்தின் ஓர்கன் 1943இல் அழிந்தது. எனினும் அழிவுக்குத் தப்பிய பழைய குழல்களையும் சேர்த்து அது மீண்டும் கட்டப்பட்டு, 2013இல் ஒலிக்கத் தொடங்கியது. கருவி அழிந்த காலத்தும் மெட்டை அறிந்தோர் நெஞ்சில் இசை அழியவில்லை.

ஆகவே இவ்விசையைப் புதிதாகக் கேட்கப் புகுவோர் முதலில் பாட்டின் மெட்டை மாத்திரம் இரண்டொரு முறை கேட்டு மனத்திலிருத்துதல் நன்று. அதன்பின் ஓர்கன் முன்னிசையைக் கேட்பின், பல குரல்களின் நடுவே அம்மெட்டு வரும் வழியைச் செவி தானே கண்டுகொள்ளும்.