காட்டுக்கு உரம் போடுவது யார்?



காட்டில் யாரும் உரம் போடுவதில்லை, குப்பை கூட்டுவதும் இல்லை. ஆண்டுதோறும் கொட்டும் சருகு எங்கே போகிறது? இதற்கு விடை தேடிய இருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

முதலாமவர் சார்லஸ் டார்வின். புல்வெளியில் பரப்பிய சுண்ணாம்பும் நிலக்கரிச் சாம்பலும் சில ஆண்டுகளில் மண்ணுக்குள் போய்விடுவதை அவருடைய தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட் காட்டினார். (பின்னாளில் அவரே மாமனாரும் ஆனார், நம் ஊர் வழக்கம் போல!) மண்புழுக்கள் கீழே உள்ள மண்ணைத் தின்று மேலே எச்சமாகத் தள்ளுவதே காரணம் என்று 1837ல் லண்டன் புவியியல் கழகத்தில் டார்வின் கட்டுரை வாசித்தார். இத்தனை சிறிய, வலுவற்ற புழுவா இவ்வளவு வேலை செய்யும் என்று 1869ல் ஒருவர் மறுத்து எழுதினார். டார்வினுடைய பதில் மண்ணுக்குள்ளேயே இருந்தது. 1842ல் வீட்டருகே வயலில் உடைத்த சுண்ணக்கல்லைப் பரப்பியிருந்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871ல் தோண்டிப் பார்த்தால் வெள்ளைக் கோடு 7 அங்குல ஆழத்தில்! 1881ல் அதைப் புத்தகமாக்கினார். மறு ஆண்டு காலமானார்.

இரண்டாமவர் டென்மார்க்கின் வனவியலாளர் பீட்டர் எராஸ்மஸ் முல்லர். பீச் மரக் காடுகளின் தரையை ஆராய்ந்து 1878லும் 1884லும் எழுதினார். புழுக்கள் நிறைந்த இடத்தில் சருகு மண்ணோடு கலந்து பொலபொலவென்று இருந்தது, அது 'மல்'. புழு குறைந்த இடத்தில் சருகு மட்காமல் மெத்தை போலப் படிந்திருந்தது, அது 'மோர்'. (நாம் குடிக்கும் மோர் அல்ல!)

நடப்பது இதுதான். மரவட்டையும் மண்புழுவும் சருகைத் துண்டாக்குகின்றன. துண்டு சிறிதாகச் சிறிதாக நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள இடம் கூடுகிறது. புழுவின் எச்சத்தில் வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் சுற்றியுள்ள மண்ணைவிட அதிகம்.

அப்படியானால் புழு எங்கும் நன்மையா? இல்லை. பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்புழுவே இல்லை. ஐரோப்பியர் கொண்டுபோன செடிகளின் வேர்மண்ணோடு புழுவும் போனது. தூண்டில் போட்டவர்கள் மிச்சப் புழுவை ஏரிக்கரையில் கொட்டினார்கள். மினசோட்டாவின் மேப்பிள் காடுகளில் சருகு மெத்தையைப் புழு தின்று தீர்க்க, அதை நம்பி முளைத்த செடிகளும் மரக்கன்றுகளும் குறைந்தன. ஒவ்வொரு காட்டுக்கும் பழகிய வேகம் ஒன்று உண்டு.

மண்புழு உழவனின் நண்பன் என்று வகுப்பில் படித்தீர்கள். அந்த நண்பனுக்குச் சாப்பாடு சருகு. வாசலில் கூட்டியதைக் கொளுத்தினால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும். மரத்தடியிலேயே ஒதுக்கி வையுங்கள். பேரப்பிள்ளைகளோடு ஆறு மாதம் கழித்துக் கிளறிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்