முகப்பில் ஒரு சிரிப்பு: தமிழ் வார இதழ்களின் அட்டையும் உள்ளடக்கப் பக்கமும்

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதியவர்கள் ஆசிரியர்களுக்கும் தொடர்கதைகளுக்கும் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அட்டைக்குக் கொடுக்கவில்லை. உள்ளடக்கப் பக்கத்தை யாரும் சீண்டியதாகவே தெரியவில்லை. ஆனால் ஓர் இதழ் தன் வாசகரை யாரென்று நினைத்தது என்பதை அறிய இவ்விரண்டையும்விட நேரான சான்று கிடையாது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்: தமிழ் வார இதழின் அட்டை நெடுங்காலம் உள்ளே இருப்பதை அறிவிக்கும் பலகையாக இருக்கவில்லை, வாசகர் படிக்கும் முதல் உருப்படியாகவே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை வேறு இடங்களுக்குப் போனது. அட்டை விற்பனைப் பலகையாக மாறியது பிற்காலத்தில்தான்.

கதையை 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழிலிருந்து தொடங்கலாம். செய்தித்தாள் வடிவில் வந்த அதற்குத் தனி அட்டை கிடையாது. ஆனாலும் முதல் பக்கத்தைக் கொண்டே வாசகரை நிறுத்தும் கலையை அதன் ஆசிரியராகச் செயல்பட்ட பாரதி நன்றாக அறிந்திருந்தார். சிவப்புத் தாளில் அச்சான அவ்விதழின் முகப்பில் கருத்துப்படங்கள் இடம்பெற்றன. படத்தோடு அதன் பொருளை விளக்கும் குறிப்பும் வந்தது. கருத்துப்படம் தமிழுக்குப் புதிய பண்டம். ஆகவே பார்க்கக் கற்றுக்கொடுத்தபடியே காட்ட வேண்டியிருந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி தொகுத்த ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ நூலைப் புரட்டுபவர்கள், படத்துக்கு ஈடாகச் சொற்களும் உழைத்திருப்பதைக் காண்பார்கள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் பழக்கம் இருந்த காலத்தில், தாளின் நிறமும் முகப்புப் படமும் எழுத்தறியாதவரையும் எட்டின. முகப்பு இங்கே அரசியல் பேசியது; உள்ளே எந்தப் பக்கத்தில் என்ன என்று சொல்லவில்லை.

அதே முகப்பைச் சிரிக்க வைத்தது ‘ஆனந்த விகடன்’. 1926இல் தொடங்கிய அவ்விதழை 1928இல் எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பது பலரும் சொல்லிவரும் செய்தி. கணக்கு எப்படியானாலும், அவர் வாங்கியது முதன்மையாக ஒரு பெயரை என்பதை அது காட்டுகிறது. வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். பெயரையும் முகத்தையும் மக்கள் மனத்தில் பதிய வைப்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஓவியர் மாலி வந்த பிறகு விகடனுக்கு அந்த முகம் கிடைத்தது. அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம், அடியில் இரண்டொரு வரி உரையாடல் என்ற அமைப்பு விகடனின் அடையாளமாகவே ஆயிற்று. மாலிக்குப் பின் வந்த கோபுலு, மாமியார் மருமகள், கச்சேரி ரசிகர், ஆபீஸ் மானேஜர் என்று நடுத்தரக் குடும்பத்து உலகம் முழுவதையும் அந்த ஒரு சதுரத்துக்குள் கொண்டுவந்தார். சில படங்களுக்கு வசனமே தேவைப்படவில்லை.

அட்டை நகைச்சுவை நிலைத்ததற்கு ரசனை ஒரு காரணம். அச்சகம் இன்னொரு காரணம். எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் பல வண்ண அட்டைக்கு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி பிளாக் செய்ய வேண்டும். ஒரே தாளை அத்தனை முறை இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். அதனால் அச்சகத்தார் ராப்பர் என்று சொல்லும் அட்டை, உள்பக்கங்களுக்கு முன்பே தனித் தாளில் அச்சாகிவிடும். உள்ளே கடைசி நேரத்தில் எது சேரும், எது விலகும் என்று தெரியாத நிலையில் அதை அட்டையில் எப்படி விளம்பரப்படுத்துவது? அன்றைய செய்தியோடு ஒட்டாத, என்றைக்கும் கெடாத பொருள் வேண்டும். நகைச்சுவை அப்படிப்பட்டது; கோயில் சிற்பமும் பண்டிகைக் காட்சியும் பெண் உருவமும் அப்படிப்பட்டவையே. முன்னட்டையும் பின்னட்டையும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அச்சாவதால், முன்னால் போட்ட வண்ணம் பின்னால் வரும் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. வண்ண அட்டைக்கான செலவைச் சுமக்க அந்த விளம்பரதாரர் உதவினார் என்பதை ஓவியங்களைப் புகழும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

1941இல் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் தொடங்கிய ‘கல்கி’யில் இந்த அமைப்பு வேறு திசையில் வளர்ந்தது. மணியம் தீட்டிய வண்ணச் சித்திரங்கள் வாசகரை இறந்த காலத்துக்கு அழைத்தன. 1950இல் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு அவர் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் பல வாசகருக்கு இன்றும் மாறாத முகங்கள். அந்த இதழை வாங்கியவருக்கு உள்ளடக்கப் பக்கம் எதற்கு? போன வாரம் ‘தொடரும்’ என்று நின்ற இடத்தை அவர் விரலே தேடிக் கண்டுபிடிக்கும். தமிழ் வார இதழில் உள்ளடக்கப் பக்கம் சோர்ந்துபோனதற்கு முதல் காரணம் தொடர்கதை என்றே நான் கருதுகிறேன். அத்தியாய முடிவில் தொங்கவிடப்பட்ட கேள்வி அடுத்த இதழுக்கு எந்தப் பட்டியலையும்விட வலுவான அழைப்பு. பொருளடக்கம் ஓர் ஓரத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, கடமைக்காக நின்றது.

இது தமிழுக்கு மட்டுமே உரிய குறை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ‘நியூயார்க்கர்’ வார இதழ் 1925இல் தொடங்கியும் 1969 வரை முறையான உள்ளடக்கப் பக்கம் இல்லாமலே வந்தது. அதற்கு நேர்மாறாக ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ தன் கட்டுரைப் பட்டியலை முன்னட்டையிலேயே பல பத்தாண்டுகள் அச்சிட்டது. பழக்கப்பட்ட வாசகரை நம்பும் இதழ் பட்டியலை ஒளிக்கிறது. ஒவ்வொரு கட்டுரையாகத் தன்னை விற்க நினைக்கும் இதழ் பட்டியலை முகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

தமிழில் அந்தப் பட்டியலை அட்டைக்குக் கொண்டுவந்தவை சிற்றிதழ்கள். வண்ண பிளாக்குக்குக் காசில்லாத இடத்தில் எழுதியவர் பெயர்களே அலங்காரம். கவிதை, கதை, விமர்சனம் என்று எழுதியவர் பெயரோடு அட்டையில் வரிசைப்படுத்தும் வழக்கம் அவற்றில் பரவலாக இருந்தது. அதை வறுமையின் விளைவு என்று மட்டும் பார்ப்பது சரியல்ல; யார் எழுதியிருக்கிறார் என்று பார்த்து வாங்கும் வாசகருக்கு அதைவிடப் பொருத்தமான முகப்பு வேறென்ன? 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ இன்னும் ஒரு படி போயிற்று. எழுத்தாளர்கள், கலைஞர்களின் படங்களை அட்டையில் இட்டு, அவர்களைப் பற்றிய கட்டுரையை உள்ளே வெளியிட்டது. தமிழகத்தின் வணிக இதழ்கள் திரை முகங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஈழத்துச் சிற்றிதழ் எழுத்தாளர் முகத்தை வைத்தது.

திரை முகத்தை விற்பனைச் சக்தியாக மாற்றியதில் 1947இல் எஸ்.ஏ.பி. தொடங்கிய ‘குமுதம்’ முன்னணியில் நின்றது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஜெமினி ஸ்டூடியோவின் முதலாளியான வாசனின் இதழ் அட்டையில் பெரும்பாலும் நகைச்சுவையைக் காத்தது. சினிமா எடுக்காத குமுதம் நடிகையின் புகைப்படத்தை முகப்பாக்கியது. ஆனால் குமுதத்தின் உண்மையான வாசல் உள்ளே இருந்த ‘அரசு பதில்கள்’. அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் ஆகிய மூவரின் முதலெழுத்துகளே ‘அரசு’ என்று சொல்வதுண்டு. கேள்வி பதிலை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவது பலருக்கு வழக்கம். ‘கணையாழி’யில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கமோ இதழைப் பின்னாலிருந்து புரட்ட வைத்தது.

1970 பொங்கலன்று வந்த ‘துக்ளக்’ முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன. விகடனின் அட்டை நகைச்சுவை, பாரதியின் முகப்பு அரசியலோடு சேர்ந்த இடம் இது. அந்தச் சேர்க்கை எவ்வளவு கூர்மையானது என்பது 1987இல் தெரிந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஒருவரை ஜேப்படித் திருடனுக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டு அடையாளம் சொல்லும் நகைச்சுவை, 29-3-1987 விகடன் இதழின் அட்டையில் வந்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் வலுக்கவே, சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதே நகைச்சுவை உள்ளே ஏதோ ஒரு பக்கத்து மூலையில் வந்திருந்தால் பேரவை வரை போயிருக்காது என்பது என் கணிப்பு. அட்டையில் வந்ததால் அது இதழின் குரலாகவே கேட்டது.

இதற்குள் விற்கும் இடமும் மாறியிருந்தது. சந்தா கட்டியவரையும் ரயில் நிலையக் கடையையும் தாண்டி, பெட்டிக்கடையின் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் பண்டமாகிவிட்டது வார இதழ். பத்து இதழ்கள் ஒன்றையொன்று மறைத்துத் தொங்கும்போது கண்ணில் படுவது பெயரும் மேல் பாதியும்தான். ஆஃப்செட் அச்சும் சேர்ந்தபோது, கடைசி நேரச் செய்தியையும் அட்டையில் ஏற்ற முடிந்தது. கொட்டை எழுத்துத் தலைப்புகள், வியப்புக்குறிகள், மூலைக்கு மூலை முகங்கள் என்று அட்டை நெரிசலானது. அட்டையில் இடம் போதாதபோது கடை வாசலில் தொங்கும் போஸ்டர் அந்த வேலையை ஏற்றது. உள்ளடக்கப் பக்கத்தின் மிகக் காரமான நான்கு வரிகள் அங்கே தொங்கின. தொலைக்காட்சி வந்ததும் பட்டியல் அங்கும் ஏறியது. ‘குங்குமம்’ இதழின் விளம்பரம் அந்த வாரத்து உருப்படிகளை மூச்சு விடாமல் ஒப்பித்தது. அவ்விதழின் இலச்சினையை வடிவமைத்தவர் விகடனிலிருந்து விளம்பரத் துறைக்குப் போன கோபுலு. அட்டைக் கலை விளம்பரக் கலையாகத் திரும்பிய பாதையை அந்த ஒருவர் வாழ்க்கையிலேயே பார்த்துவிடலாம்.

இந்த வரலாற்றை முழுமையாக எழுதத் தடையாக இருப்பது வாசகரின் அன்புதான். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து பைண்டு செய்து பரம்பரைச் சொத்தாகக் காத்த குடும்பங்கள், அட்டையையும் விளம்பரத்தையும் பொருளடக்கத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டன. நூலகங்களில் கட்டிய தொகுதிகள் பலவற்றிலும் அட்டைகள் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் அட்டையோடு முழு இதழ்கள் இருந்தால், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, ஈழத்து இதழ்களானால் நூலகம் நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள். கிழிக்காமல் கொடுங்கள்.