வெள்ளைக் கொடியும் வானொலி மௌனமும்

தூது சென்றவரைக் கொல்லலாகாது என்பது போர் அறங்களுள் மிகப் பழையது. ஒருவர் மொழியை மற்றவர் அறியாவிடினும், தூதுவர் ஏந்திவரும் அடையாளத்தை இரு தரப்பாரும் அறிவர் என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளம். அந்நம்பிக்கை பொய்த்துப்போகும் ஒரு கணத்தை விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்று எழுதிக் காட்டியது. 41 ஆண்டுகளுக்குப் பின் வானொலி நாடகம் ஒன்று அதைச் செவிக்குக் கொண்டுவந்தது.

எச். ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ 1897இல் ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் தொடராக வெளிவந்து, 1898இல் நூலாயிற்று. விக்டோரியா அரசியின் வைர விழா கொண்டாடப்பட்டதும் 1897இல்தான். பேரரசு தன் வலிமையைத் தானே வியந்து நின்ற அவ்வேளையில், அதன் தலைநகருக்கு அருகிலேயே செவ்வாய்க் கிரகவாசிகள் வந்திறங்குவதாக வெல்ஸ் கற்பனை செய்தார். அவர் தேர்ந்த களம் அவர் குடியிருந்த வோக்கிங் ஊரும், அதையொட்டிய ஹார்செல் பொதுவெளியும், மிதிவண்டியில் சுற்றி அவர் அறிந்திருந்த சர்ரே வட்டாரத்துச் சாலைகளுமே.

வானிலிருந்து விழுந்த உருளையின் மூடி திறக்கிறது. உள்ளிருப்பவை அருவருப்பான தோற்றமுடையவை எனினும் அறிவுள்ள உயிர்கள் என்பது தெளிவாகிறது. அவ்வாறாயின், தாமும் அறிவுள்ளவர்களே என்பதை அவற்றுக்கு உணர்த்திவிடலாம் என்று ஒரு குழு புறப்படுகிறது. வானியலாளர் ஒகில்வி, அரச வானியல் அறிஞர் ஸ்டென்ட், செய்தியாளர் ஹெண்டர்சன் ஆகியோர் அக்குழுவில் உள்ளனர். அந்தி மயங்கும் நேரத்தில் வெள்ளைக் கொடியை இடமும் வலமும் அசைத்தபடி அவர்கள் குழியை நெருங்குகின்றனர். பச்சைப் புகை மும்முறை எழுகிறது. பின் வெப்பக் கதிர் பாய்கிறது. ஏறத்தாழ 40 பேர் விண்மீன் ஒளியில் கரிந்து கிடக்கின்றனர். நாவலில் சமாதான முயற்சி இவ்வொன்றே.

இக்கதையின் வித்து டாஸ்மேனியாவில் இருந்தது. அத்தீவின் பழங்குடிகளுக்கு ஐரோப்பியக் குடியேறிகள் இழைத்த கொடுமையைப் பற்றித் தமையன் ஃபிராங்குடன் பேசியபோதே வெல்ஸுக்கு இக்கரு தோன்றியது; நூலையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அம்மக்கள் அழிந்தே போயினர் என்று வெல்ஸ் எழுதினார். அது பிழை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். நாவல் சொல்லாத செய்தி இன்னொன்றும் உண்டு. டாஸ்மேனியாவில் சமாதானப் பேச்சு உண்மையிலேயே நடந்தது. 1830 முதல் சில ஆண்டுகள் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் காட்டு வழிகளில் நடந்து, அம்மக்களின் மொழிகளையும் ஓரளவு கற்று, அவர்களை இணங்கச் செய்தார். தாயகம் திரும்பலாம் என்ற வாக்கை நம்பியே அவர்கள் போரைக் கைவிட்டனர் என்பது ஆய்வாளர் சிலரின் முடிவு. அவர்களுக்குக் கிடைத்தது ஃபிளிண்டர்ஸ் தீவுச் சிறைவாழ்வு. ஏறத்தாழ 200 பேர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1847இல் ஆய்ஸ்டர் கோவ் என்னுமிடத்திற்கு மாற்றப்பட்டபோது எஞ்சியிருந்தவர் 47 பேர்.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் மெர்குரி நாடகக் குழு இந்நாவலை அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் நாடகமாக்கியது. எழுத்தாக்கம் ஹோவர்ட் காக்குடையது. சர்ரே, நியூ ஜெர்சி மாநிலத்தின் குரோவர்ஸ் மில் ஆயிற்று. குதிரை வண்டிகளின் காலம், செய்தி அறிக்கைகளின் காலமாயிற்று. தூது மட்டும் மாறவில்லை. கம்பில் கட்டிய வெள்ளைக் கைக்குட்டையுடன் காவலர்கள் முன்னே செல்வதைச் செய்தியாளர் பிலிப்ஸ் மூச்சு வாங்க வருணிக்கிறார். அவ்வேடமேற்ற ஃபிராங்க் ரீடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் கதறியபடி அளித்த வருணனையைப் பலமுறை கேட்டுத் தம் குரலைப் பழக்கியிருந்தார். தீ பரவுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுபடுகிறது. பிறகு சில நொடிகள் ஒலியே இல்லை. இசையோ அறிவிப்பாளர் பேச்சோ இல்லாத அந்த வெறுமைதான் நாடகத்தின் உச்சம். இங்கும் மாண்டவர் 40 பேர் என்றே அறிவிக்கப்படுகிறது.

நாடெங்கும் மக்கள் தெருவுக்கு ஓடினர் என்று மறுநாள் நாளேடுகள் எழுதியது மிகை என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. அன்றிரவு தொலைபேசியில் வினவப்பட்ட இல்லங்களுள் சுமார் 2 விழுக்காட்டினரே இந்நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஆயினும் அஞ்சியவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. சரியாக ஒரு மாதத்திற்கு முன், செப்டம்பர் 30 அன்று, மியூனிக் உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு முந்தைய வாரங்களில் இசை நிகழ்ச்சிகளை இடைமறித்து வந்த போர்ச் செய்திகளுக்கு அமெரிக்கச் செவிகள் பழகியிருந்தன. நாடகம் கைக்கொண்டதும் அதே உத்தியே. மியூனிக்கில் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர், வரைபடம் இருந்தது, கையொப்பமும் இருந்தது. எந்த நாட்டின் நிலம் கூறுபோடப்பட்டதோ அந்தச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மட்டும் பேச்சு மேசையில் இடமில்லை. ஆறு மாதம் முடியுமுன், 1939 மார்ச்சில், ஜெர்மானியப் படை பிராக் நகரில் நுழைந்தது.

இக்கதை பின்னரும் செவிவழியே வாழ்ந்தது. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகர வானொலி இதை ஒலிபரப்பியபோது, நாடகம் என்றறிந்து சினந்த கூட்டம் நிலையம் இருந்த கட்டடத்திற்குத் தீயிட்டது, உயிர்களும் பலியாயின. 1978இல் ஜெஃப் வேய்ன், ரிச்சர்ட் பர்ட்டனின் குரலோடு இதை இசைத்தொகுப்பாக்கி, விக்டோரியா கால இங்கிலாந்துக்கே கதையைத் திரும்பக் கொண்டுசென்றார்.

வெல்ஸின் கதையில் தூது தோற்றதற்கு ஒரு சமாதானம் கூறலாம்: செவ்வாய்க் கிரகவாசிகள் வெள்ளைக் கொடியின் பொருளை அறியாதிருந்திருக்கலாம். ஆனால் அக்கதை பிறந்த இடத்திலும், அது ஒலிபரப்பான காலத்திலும் பேச்சு முறிந்தது பொருள் விளங்காமையால் அன்று. டாஸ்மேனியாவில் வாக்கின் பொருளை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர், மியூனிக்கிலும் அறிந்திருந்தனர். மொழி தெரியாதவரின் வெப்பக் கதிரைவிட, மொழி தெரிந்தவர் மீறிய சொல்லே வரலாற்றில் அதிகம் எரித்திருக்கிறது. பிலிப்ஸின் குரல் அறுந்தபின் வந்த மௌனத்தில் அன்று மக்கள் கேட்டது வேற்றுக் கிரகத்தின் மௌனத்தை மட்டுமன்று.