வெளியில ஒரு பேர், உள்ளுக்க ஒரு பரம்பரை

பெயின்ற்போல் விளையாட்டுக்கு முன்னமே அதன் துவக்கு பிறந்துவிட்டது. 1970களில் அமெரிக்காவின் நெல்சன் பெயின்ற் கம்பனிக்காக டெய்சி கம்பனி செய்த நெல்ஸ்பொட் 007, மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்தில் நின்றே நிற அடையாளம் போடத்தான் பயன்பட்டது. 1981 யூன் 27 அன்று நியூ ஹாம்ஷயர் காட்டுக்குள் 12 பேர் அதைத் தூக்கிக்கொண்டு கொடி பிடிக்கும் விளையாட்டு விளையாடினார்கள். வென்றவர் ஒரு வெடிகூட வைக்கேல்லை!

அந்தத் துவக்கில் சுத்தியல், வால்வு, போல்ட் எல்லாம் ஒரே குழாய்க்குள், ஒரே நேர்கோட்டில். ஷெரிடன் கம்பனி வேறு வழியில் போனது: மேல் குழாயில் போல்ட், கீழ்க் குழாயில் சுத்தியலும் வால்வும். பிறகு வந்த பலர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பின்பற்றினார்கள். ஃபான்டம் நெல்சன் வழி. ஸ்னைப்பரும் அதிலிருந்து வளர்ந்த ஓட்டோகொக்கரும் ஷெரிடன் வழி.

ஆகவே, "இந்த வால்வு அதுக்குப் பொருந்துமோ?" என்று கேட்டால், வெளியில் பொறித்த பேரைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பரம்பரையைப் பார்க்கவேணும். அதுவும் அரைவாசிப் பதில்தான். குழாயின் விட்டம், புரி, ஸ்பிரிங்கின் பலம் எல்லாம் ஒத்துவரவேணும். சுத்தியல் ஸ்பிரிங்கின் பலம் கூடினால் வால்வு கூடநேரம் திறந்து நிற்கும், குண்டின் வேகமும் ஏறும். மைதானங்கள் பொதுவாக விநாடிக்கு 300 அடிக்கு மேல் விடுவதில்லை. அதைத் தாண்டினால் விளையாட்டு காயத்தில் முடியலாம்.

வரலாறு என்றால் நாங்கள் வென்றவரின் பேரைத்தான் தேடுறம். இங்கே அது கழற்றிப் போட்ட ஒரு பழைய வால்வுக்குள்ளும் கிடக்குது.