பழுதான சத்தத்தின் வரலாறு: கிற்றார் பெடல் கிட் வாங்க முதல்

கிற்றார் எஃபெக்ட் பெடலை நாங்களே பொருத்திச் செய்யிற மாதிரி, சாமானெல்லாத்தையும் பொறுக்கி ஒரு பையில போட்டு விக்கிறதைத்தான் ‘கிட்’ எண்டு சொல்லுறது. அப்பிடி விக்கிற ஒரு கடையின்ர பட்டியலைத் திறந்தால் முதலில குழம்பித்தான் போவம். ஃபஸ், ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், பூஸ்டர் எண்டு பிரிச்சிருப்பினம். ஒண்டில ‘ஜேர்மானியம்’ எண்டு பெருமையாப் போட்டிருக்கும், இன்னொண்டில ‘சிலிக்கன்’ எண்டு. எது நல்லம் எண்டு கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லுவினம்.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டியல் கால ஒழுங்கு குலைஞ்சு கிடக்கிற ஒரு அறுபது வருச வரலாறு. அதை ஒழுங்கா அடுக்கி வாசிச்சால், எதை வாங்கிறது எண்ட கேள்விக்குப் பாதிப் பதில் தானா வந்திடும். கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஆளுக்கு ஈயம் உருக்கிற விசயத்தில என்ன வேலை எண்டு யாரும் கேட்டால், இதுதான் என்ர பதில்.

முதலில பெடல் எண்டால் என்ன எண்டு சொல்லவேணும். மின் கிற்றாரில இருந்து வாறது மிகச் சிறிய ஒரு மின் அலை. அது அம்பிளிஃபயருக்குப் போக முதல் இடையில ஒரு பெட்டியை வைச்சு, காலால மிதிச்சு, அலையின்ர வடிவத்தை மாத்திறம். தாங்கக்கூடிய அளவுக்கு மேல அலையைப் பெருக்கினால் அதின்ர மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த வெட்டுத்தான் எங்கட காதுக்குக் கரகரப்பாக் கேக்கிறது. பொறியியலாளர்களுக்கு அது பிழை. அந்தப் பிழையைத்தான் ரொக் இசை தன்ர குரலா எடுத்துக்கொண்டது.

அந்தப் பிழையை ஆட்கள் முதலில கையாலதான் உண்டாக்கினவை. 1958இல் ‘ரம்பிள்’ பாட்டுக்காக லிங்க் ரே தன்ர அம்பிளிஃபயரின் ஸ்பீக்கரைப் பென்சிலால குத்தி ஓட்டை போட்டார். 1964இல் ‘கிங்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் ‘யூ ரியலி கொட் மீ’ பாட்டுக்கு ஸ்பீக்கர் கடதாசியை றேசர் பிளேட்டால கீறினார். நல்ல சாமானைப் பழுதாக்கிற வேலைதான். ஆனால் கீறின ஸ்பீக்கரைத் திரும்ப ஒட்டேலாது. வேணும் எண்டேக்க மட்டும் பழுதாகி, வேண்டாம் எண்டேக்க நல்லா இருக்கிற ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழி ஏற்கெனவே அமெரிக்காவில பிறந்திருந்தது, அதுவும் ஒரு உண்மையான பழுதில இருந்து. 1960இல் நாஷ்வில் நகரில் ‘குவொன்செட் ஹட்’ என்ற ஸ்ரூடியோவில் மார்ட்டி ரொபின்ஸ் ‘டோன்ட் வொரி’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார். கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிற்றாரின் சத்தம், ஒலிக்கலவை மேசையில பழுதாப்போன ஒரு பகுதிக்குள்ளால போய், வண்டு இரையிற மாதிரி வந்தது. நாட்டுப்புறப் பாணிக் காதல் பாட்டு ஒண்டுக்க அப்பிடி ஒரு சத்தம்! அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுத்திருக்கலாம். ஆனால் அப்பிடியே விட்டவை. 1961இல் பாட்டு வெளிவந்து வெற்றியும் பெற்றது.

பிறகு வந்த கலைஞர்கள் எங்களுக்கும் அந்தச் சத்தம் வேணும் எண்டு கேக்க, ஸ்ரூடியோவின் பொறியியலாளர் கிளென் ஸ்னொடிக்குச் சிக்கல். பழுதான பகுதி அதுக்குள்ள முழுசாச் செத்துப்போச்சு! அதனால அவர் வானொலிப் பொறியியலாளரான ரெவிஸ் ஹொப்ஸோட சேர்ந்து, அந்தப் பழுதைத் திரான்சிற்றரால வேணுமெண்டே உண்டாக்கிற ஒரு சுற்றை வரைஞ்சார். அதைக் கிப்சன் கொம்பனி வாங்கி 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ எண்டு விற்றது. மூண்டு ஜேர்மானியம் திரான்சிற்றர், இரண்டு சின்னப் பற்றரி, அவ்வளவுதான். கிற்றாரை ட்ரம்பெட் மாதிரியும் செல்லோ மாதிரியும் கேக்கவைக்கிற கருவி எண்டுதான் விளம்பரம் செய்தவை. பெரிசா விலைப்படயில்லை. 1965இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின்ர ‘சற்றிஸ்ஃபக்‌ஷன்’ வந்த பிறகுதான் நிலைமை மாறினது. அதிலயும் ஒரு வேடிக்கை. கீத் ரிச்சர்ட்ஸ் அந்த ஃபஸ் சத்தத்தை, பிறகு ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய இடத்துக்கு ஒரு அடையாளமாத்தான் போட்டவர். அடையாளமே பாட்டாப் போச்சு.

அடுத்த கட்டம் லண்டன். அமெரிக்கப் பெட்டி அங்க இலகுவாக் கிடைக்காது. கிடைச்சாலும் சுரம் கெதியா அணைஞ்சுபோகுது எண்ட குறை. கேரி ஹேர்ஸ்ட் என்ற தொழில்நுட்பவியலாளர் அதைத் திறந்து பார்த்து, மாத்தி, 1965இல் ‘டோன் பெண்டர்’ செய்தார். 1966இல் ஆர்பிட்டர் கொம்பனி ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலைக் கொண்டுவந்தது. மைக் தாங்கியின்ர அடித்தட்டைப் பார்த்து வடிவமைச்ச வட்டப் பெட்டி. அதின்ர சுற்றை எண்ணிப் பாருங்கோ: இரண்டு திரான்சிற்றர், நாலு தடையி, மூண்டு கொள்ளளவி, திருகிறதுக்கு இரண்டு குமிழ். பதினொரு துண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸின்ர பேர்போன சத்தங்களில பாதி இந்தப் பதினொரு துண்டுக்குள்ளால வந்ததுதான். அவருக்குப் பெடல் திருத்தியும் புதுசாச் செய்தும் குடுத்த ரோஜர் மேயர், பிரித்தானியக் கடற்படைத் திணைக்களத்தில அதிர்வையும் ஒலியையும் ஆராய்ஞ்ச ஆள்.

இந்த இடத்தில கடைப் பட்டியலின் முதல் புதிர் அவிழுது. ஃபஸ் ஃபேஸின் ஆரம்பப் பதிப்புகளில இருந்தது ஜேர்மானியம் திரான்சிற்றர். ஜேர்மானியத்தில, ஓடக்கூடாத நேரத்திலயும் கொஞ்ச மின்னோட்டம் கசியும். வெப்பம் கூடக் கூட அந்தக் கசிவும் கூடும். ஒரே பெட்டி குளிரில ஒரு மாதிரியும் மேடை வெளிச்சத்தில இன்னொரு மாதிரியும் கேக்கும். ஒரே நாளில செய்த இரண்டு பெட்டி கூட ஒரே மாதிரி இராது. அந்தச் சிக்கலாலதான் 1960களின் கடைசியில கொம்பனிகள் சிலிக்கனுக்கு மாறினவை. சிலிக்கனின் சத்தம் கொஞ்சம் கூர்மை, ஆனால் நம்பலாம். இண்டைக்கு ‘ஜேர்மானியம்’ எண்டு கூடின விலைக்கு வாறது, அந்தக் காலத்தவை தலையிடி எண்டு கைவிட்ட சாமான். மென்மையான சத்தம், உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில தகரக் கூரைக்குக் கீழ வாசிக்கிற யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கும் மட்டக்களப்புப் பெட்டைக்கும் முதல் பெடலா நான் அதைச் சொல்லமாட்டன்.

இன்னொண்டும் இருக்கு. பழைய ஜேர்மானியம் ஃபஸ் சுற்றுகள் பலதில பற்றரியின் நேர் முனைதான் பெட்டியோட தொடுக்கப்பட்டிருக்கும். இண்டைய பெடல்கள் அனேகமானதில மறை முனை. இரண்டையும் ஒரே அடப்டரில ஒண்டாத் தொடுத்தால் குறுஞ்சுற்றாகும். கிட் விபரத்தில ‘நேர் முனை நிலம்’ எண்டு கண்டால் அதுக்குத் தனிப் பற்றரி வைக்கவேணும். ஐம்பது வருசத்துக்கு முந்தின ஒரு முடிவு இண்டைக்கும் எங்கட அடப்டரைச் சுடும்.

இதுவரைக்கும் சொன்ன ஆட்களைத் திரும்பப் பாருங்கோ. ஸ்ரூடியோப் பொறியியலாளர், வானொலிக்காரர், கடற்படைத் திணைக்களத்து ஆள். கிற்றார் வாசிக்கிற சாதாரண ஆள் இதில பாவனையாளர் மட்டும்தான். அந்தக் கோடு 1970களில உடையுது. 1975இல் கிரெய்க் அண்டர்டன் ‘இலக்ட்ரோனிக் புரொஜெக்ட்ஸ் ஃபோர் மியூசிசியன்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவரே ஒரு ரொக் குழுவில வாசிச்சவர். தடையியின் நிறக்கோடுகளை வாசிக்கிறது எப்பிடி, ஈயம் பிடிக்கிறது எப்பிடி எண்டு தொடங்கி, இசைக் கலைஞர் ஒராள் தானே செய்யக்கூடிய சுற்றுகளை ஒவ்வொண்டா விளங்கப்படுத்தினார். ஒக்லஹோமாவில இருந்த பாயா என்ற கொம்பனி அந்தப் புத்தகத்தில உள்ளவற்றுக்குக் கிட் விற்றது. புத்தகமும் பையும் சேர்ந்து வந்தது முக்கியம். பை செய்ய வைக்கும், புத்தகம் ஏன் எண்டு சொல்லும்.

அதே காலத்தில லண்டனில இன்னொரு சின்னச் சம்பவம். குயீன் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜோன் டீக்கன் செல்சி கல்லூரியில இலத்திரனியல் படிச்சவர். ஆரோ குப்பையில போட்ட ஒரு அம்பிளிஃபயர் பலகையை எடுத்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள பூட்டினார். ‘டீக்கி அம்ப்’ எண்டு இண்டைக்குப் பேர். குயீன் பாட்டுகளில வாத்தியக் குழு வாசிக்கிற மாதிரிக் கேக்கிற பல கிற்றார் அடுக்குகள், பிரையன் மே அந்தப் பெட்டிக்குள்ளால வாசிச்சவை. மே வாசிச்ச கிற்றாரும் அவரும் தகப்பனும் வீட்டில செய்ததுதான். அதின்ர கழுத்துக்கு எடுத்தது ஒரு பழைய அடுப்பங்கரை மரம். அந்தப் பலகையை எடுக்கேக்க டீக்கனுக்கு எங்கட வயசுதான்.

1970களில சில்லு வந்தது. 1979இல் யப்பானில வந்த ‘டியூப் ஸ்க்ரீமர்’ ஒரு சின்னச் சில்லைச் சுற்றிக் கட்டினது. அலையை மெல்ல மடிச்சு வெட்டும். அதுதான் ஓவர்டிரைவ். அமெரிக்காவின் ‘ரட்’ பெடல் போல வேறு சிலது அலையைக் கறாரா வெட்டும். அதைத்தான் அனேகமா டிஸ்டோர்ஷன் எண்டு சொல்லுறது. பட்டியலில இருக்கிற பேர் வித்தியாசம் வெட்டுற விதத்தின்ர வித்தியாசம். பூஸ்டர் எண்டது வெட்டவே வெட்டாது, அலையைப் பெரிசாக்கி அனுப்பும். அதுக்கு ஒரு திரான்சிற்றரே காணும்.

இனி இந்தக் கதையில மற்றப் பக்கம். 1994இல் பில் ஃபினெகன் என்ற அமெரிக்கர் ‘க்ளொன் சென்டோர்’ பெடலை விற்கத் தொடங்கினார். கையால, ஏறத்தாழ 8,000 தான் செய்தவர். உள்ளே இருந்த சுற்றை ஒருத்தரும் பார்க்காதபடி மேல பசை ஊத்தி இறுக்கி விட்டார். அவரில முழுப் பிழை சொல்லேலாது. வருசக்கணக்கா மினக்கெட்டுச் செய்ததை வேற ஆள் ஒரு நாளில நகலெடுத்தால் ஆருக்கும் வயிறு எரியும்தான். ஆனால் மூடின பெட்டி என்ன செய்தது? உள்ளே ஏதோ மந்திரம் இருக்கு எண்ட கதையை வளர்த்தது. பழைய பெடல் ஆயிரக்கணக்கான டொலருக்கு ஏறினது. ஃபினெகனே பிறகு செய்த புதுப் பெடலின் முகத்தில, இந்த ஆரவாரத்துக்குத் தான் பொறுப்பில்லை எண்ட கருத்தில ஒரு வசனம் அச்சடிக்கவேண்டி வந்தது. கடைசியில ஆட்கள் பசையைச் சுரண்டி, சுற்றை வரைஞ்சு, வெளியில விட்டவை. உள்ளே இருந்தது நல்லா யோசிச்சுச் செய்த ஒரு சுற்று. மந்திரம் இல்லை.

இண்டைக்கு நாங்கள் வாங்கிற கிட்டுகள் பெரும்பாலும் இப்பிடி வெளியில வந்த சுற்றுகளின்ர நகல். 2000களில வளர்ந்த ஒரு அமெரிக்கக் கிட் கொம்பனி ‘பில்ட் யுவர் ஓன் க்ளோன்’, அதாவது உன்ர நகலை நீயே கட்டு, எண்டு பேரே வைச்சது. இது களவா எண்டு கேக்கிற ஆட்கள் இருக்கினம். பொதுவாச் சொன்னால், வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கு, பேருக்கும் சின்னத்துக்கும் உரிமை இருக்கு. ஒரு சுற்று வேலைசெய்யிற விதத்துக்குப் பதிப்புரிமை இல்லை. காப்புரிமை எடுத்தாலும் அது காலத்தோட முடியும். மற்றது, ஹேர்ஸ்ட் அமெரிக்கப் பெட்டியைத் திறந்து பார்க்காட்டி லண்டனின் ஃபஸ்ஸே இல்லை. திறந்து பார்க்கிறதுதான் இந்தக் கலையின் பள்ளிக்கூடம்.

அப்ப எந்தக் கிட்? முதல் தடவை எண்டால் பூஸ்டர், இல்லாட்டி சிலிக்கன் ஃபஸ். துண்டு குறைவு. பிழைச்சாலும் எங்க பிழைச்சது எண்டு தேடிப் பிடிக்கலாம். டியூப் ஸ்க்ரீமர் வகை இரண்டாவது. க்ளொன் வகை அதுக்கும் பிறகு. பெட்டியில ஓட்டை ஏற்கெனவே துளைச்சு வருதா எண்டு பாருங்கோ, துளைக்கிற மெசின் எல்லாரிட்டயும் இல்லை. திரான்சிற்றருக்கும் சில்லுக்கும் சொக்கெட் இருந்தால் நல்லம், சூட்டில கருகாது, பிறகு வேற ஒண்டை மாத்திப் போட்டும் கேக்கலாம். ஈயக்கோலும் மல்ரிமீற்றரும் வாங்கிற காசையும் கணக்கில சேருங்கோ. அதைச் சேர்த்தால் முதல் பெடல் கடைப் பெடலை விட மலிவாய் இராது. இரண்டு மூண்டு பேர் சேர்ந்து கருவிகளை வாங்கினால் மூண்டாவது பெடலில கணக்கு சரிவரும். ஈயம் உருக்கேக்க யன்னலைத் திறந்து வையுங்கோ, முடிஞ்சதும் கையைக் கழுவுங்கோ. 9 வோல்ற் பற்றரியில ஓடுற கிட்டோட நில்லுங்கோ, வீட்டு மின்சாரத்தில நேர தொடுக்கிற எதையும் முதலில தொடவேண்டாம்.

எல்லாத்துக்கும் மேல ஒண்டு: சுற்றின் படம் தாற கிட்டை வாங்குங்கோ. ‘இந்த இலக்கத் துண்டை இந்த இலக்க ஓட்டைக்குள்ள போடு’ எண்டு மட்டும் சொல்லுற கிட்டும் வேலைசெய்யும், சத்தமும் வரும். ஆனால் அதைச் செய்து முடிச்ச பிறகும் நீங்கள் பாவனையாளர்தான், பெட்டிக்குப் பசை ஊத்தாமலே அது மூடிக் கிடக்கும். படம் இருந்தால் எந்தக் கொள்ளளவியை மாத்தினால் அடிச்சுரம் கூடும் எண்டு கேக்கத் தொடங்குவியள். ஆறு மாசத்தில பெடல் திடீரெண்டு சத்தம் நிண்டுபோனால், திருத்தவும் அந்தப் படம்தான் உதவும்.